பச்சையில் வந்த நன்றி

திராட்சைக்கு மழை ஆகாது, சார். பழம் வெடித்துவிடும். சாரல் விழுந்தாலே எங்கள் கூடலூர் விவசாயிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

நான் கர்ணன். ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். 2008இல் திராட்சை விவசாயிகள் சங்கத்துக்கு வெப்சைட் செய்துகொடுத்தேன். தோட்டங்களுக்கு மேலே மோட்டார்களுக்குக் கரண்டு கொண்டுபோகிற லைன் சங்கத்துக்குச் சொந்தம். கம்பி தொங்கினால் விவசாயி என் கடைக்கு வந்து, திரையில் உள்ள கட்டங்களை நிரப்பி, 'அனுப்பு' பட்டனை அழுத்தலாம். நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் அதை அள்ளிக்கொண்டு போய்ச் சர்வரில் சேர்க்கும். தலைவர் கோட்டைச்சாமி தன் அலுவலகத்தில் இருந்தே படிக்கலாம்.

படித்தார், அதுதான் வம்பு. புகார்கள் வந்து குவிந்தன. மகாசபையில் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே கர்ணா, சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டியேடா. ஊர்க்காரக பூராம் என்னைய வையிறாக. இனிமே புகாரே வரக்கூடாது."

"பக்கத்தையே எடுத்துரவாய்யா?"

"எடுத்தா ஏன்னு கேப்பாகள்ல?"

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆனாலும் பெரிய மனுஷர். ஜாவாஸ்கிரிப்டில், புகாரைச் சர்வருக்கு அனுப்புகிற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டேன். மற்றதில் கை வைக்கவில்லை. செல் நம்பரில் ஓர் எண் விட்டுப்போனால் முன்போலவே சிவப்பில் கேட்கும். பட்டனை அழுத்தினால் சக்கரம் சுற்றும். பிறகு பச்சையில், 'நன்றி. தங்கள் புகார் பெறப்பட்டது.' முன்பு சர்வர் மக்கர் செய்தால் ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள். இப்போது கண்மூடித் திறப்பதற்குள் பதில்.

அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மோட்டார் ரூம் கதவில் ஒட்டினார்கள். தாளை ஒட்டியாயிற்று என்றால் கம்பியை இழுத்துக் கட்டியாயிற்று என்றே நினைத்தார்கள். நிலுவையில் ஒரு புகாரும் இல்லாத சங்கம் என்று மாநாட்டில் கேடயம் கொடுத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மாயக்காள் அக்கா வந்தது ஐப்பசி அடைமழையில். திராட்சைப் பந்தல் முழுக்க இரும்புக் கம்பி, உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓர் இடத்தில் கரண்டு இறங்கினால் தோட்டம் பூராவும் இறங்கும்.

"லைன் கம்பி பந்தலத் தொடப் போகுது தம்பி. எங்க வீட்டுக்காரக அதுக்கடியிலதான் வேலை பாக்காக. நல்லா வெவரமா எழுதிருங்க."

ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். பச்சை வந்தது.

"போயிருச்சா தம்பி?"

"போயிருச்சுக்கா."

எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்காவின் வீட்டுக்காரர் வீரபாண்டி அண்ணன் தாளை ஒட்டிவிட்டு, இனிப் பயமில்லை என்று காலையில் பழக்கொத்து வெட்டப் பந்தலுக்குள் போனார். நனைந்த பந்தல் கம்பியைப் பிடித்தார். உடலைக் கம்பியிலிருந்து எடுத்தது உங்கள் ஆட்கள்தானே.

காரியம் முடிந்து அக்கா மறுபடி வந்தார்.

"எங்க தோட்டத்துல லைன அறுத்துவிட்டாக தம்பி. மேலத்தோட்டத்துலயும் அப்பிடியேதான் தொங்குது. அவுக செத்ததையும் போட்டு எழுதிருங்க. அங்கன வேலை பாக்குறவுகளாவது பொழைக்கட்டும்."

எழுதி அனுப்பினேன். பச்சையில் 'நன்றி' என்று வந்தது. எனக்கு நெஞ்சே ஆறவில்லை, சார். தாலி அறுத்தவளுக்கு நன்றியா சொல்வது? அக்காவுக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே ஜாவாஸ்கிரிப்டைத் திறந்தேன். புகாரில் சாவு என்று இருந்தால், பச்சைக்குப் பதில் கறுப்பில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று வரும்படி மாற்றினேன். மறுபடி அனுப்பிக் காட்டினேன். அதைப் படித்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சங்கத்துல எம்புட்டு அக்கறையா இருக்காக!"

போன வாரம் மேலத்தோட்டத்து சுகிர்தத்தின் வீட்டாரும் அதே கறுப்பு எழுத்தைப் பார்த்தார்கள். அதனால்தான் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்திருக்கிறீர்கள்.

அன்றைக்கே, திறந்த கையோடு, அனுப்புகிற வரியையும் திரும்பப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருக்கலாம்தான். ஆனால் அப்படி ஒரு குறை இருப்பதாக இன்றுவரை எங்களுக்கு ஒரு புகாரும் வரவில்லை, சார்.