சாமந்திக்குச் சூடு ஆகாது

சாமந்தி வளர்க்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கொஞ்சிக் கொஞ்சியே கெடுத்துவிடுகிறார்கள். அதற்கு வேண்டியது குளிரும் நீண்ட இருட்டும்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டுக் காலை எட்டுக்கு எடுத்தால் நினைத்த தேதிக்குப் பூக்க வைக்கலாம். நடுவில் யாராவது விளக்கைப் போட்டால் காரியம் கெட்டது. நகராட்சித் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளுக்கு, எங்கள் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அன்றைக்கு அப்பா அம்மா கல்லறையில் வாடின சாமந்தியை வைத்தால் வருஷம் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டியதுதான். எங்கள் தெருவுக்கு வேண்டிய தொட்டிகளை நான்தான் வளர்த்துக் கொடுக்கிறேன். இந்த வருஷம் நாற்பது கேட்டிருந்தார்கள். ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான், நான் அப்படிப்பட்டவள்.

என் கணவர் லுட்விக்குக்கு ஏப்ரலில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இனி இப்படியேதான் இருப்பார், பத்து வருஷம்கூட இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நல்ல செய்தி போலத்தான் சொன்னார், பாவம். வெயில் காலத்தில் கட்டிலைப் பின்பக்கத்துக் கண்ணாடித் தாழ்வாரத்தில் போட்டிருந்தேன். தோட்டம் தெரியும், காற்று வரும். அவருக்கும் அது பிடித்திருந்தது.

செப்டம்பர் பாதியில் உறைபனி விழத் தொடங்கியது. அந்த வாரம் எனக்கு நிற்க நேரமில்லை. டாலியாக் கிழங்குகளைத் தோண்டி மணலில் புதைத்தேன். ஜெரேனியத்தை வெட்டி நிலவறையில் வைத்தேன். சூடு வேண்டிய வீட்டுச் செடிகள், பெரணி, பிகோனியா எல்லாம் சமையலறைக்குப் போயின. குளிர் தாங்குகிற அரளியும் குளிர் வேண்டிய சாமந்தியும் கண்ணாடித் தாழ்வாரத்துக்கு வந்தன. லுட்விக்கின் கட்டிலை எங்கே போடுவது என்று நான் யோசிக்காமல் இல்லை. வீட்டில் சமையலறையில் மட்டும்தான் கணப்பு. அங்கே செடிகள் போக ஒரு கட்டிலுக்குத்தான் இடமிருந்தது, அது என்னுடையது. வேலை செய்கிறவள் படுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் கஷ்டம் இல்லையா. அதனால் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

அவருக்கு இரண்டு கம்பளி கொடுத்தேன், குல்லாவும் போட்டுவிட்டேன். காலடியில் ஒரு வெந்நீர்ப் பையும் வைத்தேன். அக்டோபர் பத்தாம் தேதி பார்க்கிறேன், பைக்குப் பக்கத்திலிருந்த இரண்டு தொட்டிகளில் மொட்டு வெடிக்கிற மாதிரி நின்றது. இருபது நாள் முன்னாலேயே பூத்தால் அதை வைத்து என்ன செய்வது? பையை எடுத்துவிட்டேன்.

இருட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஐந்து மணிக்கு நான் ஜன்னல்களில் துணியை இழுக்கும்போதெல்லாம் கேட்பார். "லியோ, விளக்கு மட்டும் போட்டுட்டுப் போயேன்" என்பார். நான் பொறுமையாகவே விளக்கினேன், ஐயா. ஒருநாள்கூடக் குரல் உயர்த்தியதில்லை. தண்ணீரையும் அளவாகத்தான் கொடுத்தேன். நிறையக் குடித்தால் படுக்கை நனையும், நனைந்தால் குளிரும். அது அவருடைய நன்மைக்குத்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தாதி டோரோட்டா வருவாள். நல்ல பெண், வாய் கொஞ்சம் நீளம். முதல் தடவையே தாழ்வாரத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அக்கா, இங்க எனக்கே பல்லு அடிச்சுக்குது. இன்னிக்கே அவர உள்ள மாத்திடுங்க. நெஞ்சுல சளி கட்டினா அப்புறம் நம்ம கையில இல்ல."

சரி என்றேன். அடுத்த முறை அவள் வரும் நாளில் பெரணிகளைக் கூடத்துக்கு நகர்த்தி, விடியற்காலையிலேயே அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சமையலறைக்குத் தள்ளி வந்தேன். அடுப்போரம் உட்கார வைத்து பீட்ரூட் சூப் கொடுத்தேன். கன்னத்தில் நிறம் வந்துவிட்டது. டோரோட்டா திருப்தியாகப் போனாள். அவள் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் நாற்காலியைத் திருப்பினேன். அவர் நல்ல கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இங்கயே இருக்கேன், லியோ. இடத்த அடைக்க மாட்டேன்."

இன்னும் பத்து நாள்தானே என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அப்போது எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு இருமல் தொடங்கியது. மூன்று நாள் இருமினார், நாலாவது நாள் இரும முடியவில்லை. டோரோட்டாவின் தொலைபேசி எண் அடுப்புக்கு மேலேதான் ஒட்டியிருந்தது. இருபத்தொன்பதாம் தேதி காலை துணியை விலக்கியபோது அவர் போய்விட்டிருந்தார். சாமந்திகள் சரியான பதத்தில் இருந்தன, எல்லாத் தொட்டியிலும் மொட்டுகள் பாதி விரிந்து நின்றன. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆட்கள் வருவார்கள், கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள், கணப்பு மூட்டச் சொல்வார்கள். இன்னும் இரண்டு நாள்தான் பாக்கியிருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி எல்லாரும் தொட்டி எடுக்க வந்தார்கள். கம்பளியை அவர் மோவாய் வரை இழுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தேன். எதிர்வீட்டு இர்மினா உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாவம், என்னமா தூங்குறாரு. நீங்க கவனிக்கிற மாதிரி யாரு கவனிப்பா?" என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எல்லாரும் கட்டிலைச் சுற்றி நுனிக்காலில் நடந்து அவரவர் பூவை எடுத்துப் போனார்கள். அவர்கள் போனதும் நானே காவல் நிலையத்துக்குத் தொலைபேசி போட்டு உங்களைக் கூப்பிட்டேன்.

எல்லாரும் எடுத்த பிறகும் கட்டிலருகே ஒரு தொட்டி நின்றதே, அது யாருடையது என்று கேட்டீர்கள். இந்த ஊரில் எங்களுக்குக் கல்லறை கிடையாது. என் ஆட்களும் அவர் ஆட்களும் தூரத்தில் லுப்லின் பக்கத்து மண்ணில் கிடக்கிறார்கள். அதனால் இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு தொட்டி வைத்ததே இல்லை. இந்த வருஷம் ஒன்று கூடுதலாக வைத்தேன். வெள்ளை, இருப்பதிலேயே பெரிய பூ. நடுவதற்கு வெட்டிய கிளை ஒன்று மிச்சமிருந்தது, தூக்கிப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சாமந்திக் கிளையை எப்போது நடுவார்கள் என்றும் கேட்டீர்கள். மே மாதம், ஐயா. அந்த வெள்ளையையும் நான் மே மாதம்தான் நட்டேன்.