கழித்துக்கொண்டு கொடுங்கள்

விழாத் தலைவர் அண்ணன் வெங்கடேசன் அவர்களே, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கும் செயலாளர் அவர்களே, வெள்ளிமலைக்குப் போகும் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, களை வெட்டிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, சுண்டல் எப்போது என்று கேட்காமல் காத்திருக்கும் பண்பாளர்களே, இந்தச் செந்தமிழ்ச்செல்வியின் வணக்கத்தை முன்கட்டணம் ஏதுமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வீரரைப் பாராட்டியிருக்கிறோம். வள்ளலைப் பாராட்டியிருக்கிறோம். நைனார்பாளையத்தின் வரலாற்றில் முதன்முறையாக இன்று ஒரு கஞ்சரைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். சிரிக்காதீர்கள். மரவள்ளி விவசாயி தெய்வசிகாமணி அவர்கள் சாதாரணக் கஞ்சர் அல்லர். டீக்கடையில் பாதி டீயைக் குடித்துவிட்டு, மீதியை நாளைக்கு எடுத்துவைக்கச் சொன்ன பெருந்தகை. அந்தக் கஞ்சத்தனம்தான் அவரைக் காத்தது. யாரிடமிருந்து? ஒரு வங்கியிடமிருந்து.

(தலைவர், செல்பேசியில் தாழ்ந்த குரலில்: "காத்தால போட்டுட்றங்க. பணம் கையிலதான் கீது.")

தலைவர் அவர்களே, உங்கள் எதிரில் இருக்கும் மைக் வேலை செய்கிறது. நீங்கள் பேசியது பின்வரிசை வரை கேட்டது. உங்கள் கையில் இருப்பது, மகள் ஷாலினியை நர்சிங் கல்லூரியில் சேர்க்க மாடு விற்று வைத்திருக்கும் பணம் என்பது ஊருக்கே தெரியும். அதை யாருக்குப் போடப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நடந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

தெய்வசிகாமணி அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது ஓஷன் கிங் பாங்க். எந்த நாட்டு வங்கி? அதைச் சொல்லவில்லை. வாரிசில்லாமல் இறந்த ஒரு வெள்ளைக்காரரின் நான்கு கோடிக்கு நீங்கள்தான் பயனாளி என்று எழுதியிருந்தது. பயனாளி என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன மரியாதை? வீட்டுக்குப் பயனாளி, ஆட்டுக்குப் பயனாளி என்று பட்டியலில் பெயர் தேடித் தேடிக் கண் பூத்துப்போனவர்கள் நாம். தேடாமலே பெயர் வந்தால் நம்பமாட்டோமா? நம்பினார். முத்திரையைப் பார்த்தார், நம்பினார். மேலாளர் கோட்டு போட்ட படத்தைப் பார்த்தார், நம்பினார். கோடிகளை ஆளும் வங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசில்லாமல் திறக்கிற மின்னஞ்சல் முகவரியிலிருந்தா எழுதும்? அதையும் சிக்கனம் என்று மெச்சினார்.

பிறகு போன் வந்தது. பணத்தை விடுவிக்க முதலில் நாற்பதாயிரம் கட்ட வேண்டுமாம். அங்கேதான் நம் கஞ்சர் நிமிர்ந்தார்.

"எனுக்கு நாலு கோடி வச்சிக்கினுதான இருக்கீங்க? உங்க பீச அதுல கழிச்சிக்கினு மீதிய குடுங்க."

"அது ரூல்ஸ் இல்ல சார்."

"இன்னா ரூல்சு? மண்டியில ஏத்துக்கூலி, கமிஷன் எல்லாம் கழிச்சிக்கினுதான குடுக்கறான்? கெழங்கு போட்டவன் கையில முன்னாடியே எவன் கேக்கறான்?"

இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு அந்த வங்கி கூப்பிடவே இல்லை.

எண்ணிப் பாருங்கள். கொடுக்க இருப்பவன் கழிப்பான். பறிக்க வந்தவன் கேட்பான். கடல் கடந்து வந்தாலும், கோட்டு போட்டு வந்தாலும், கோடி காட்டி வந்தாலும், தருவதற்கு முன்னால் தா என்று கேட்கும் வங்கி வங்கியே அன்று. என்ன வெள்ளிமலை அய்யா, உங்கள் மலையில் செல்பேசி டவரே இல்லை என்கிறீர்களா? அதனால்தான் உங்கள் பணம் இன்னும் உங்களிடம் இருக்கிறது.

(தலைவரின் செல்பேசி மீண்டும் ஒலிக்கிறது.)

எடுங்கள் அண்ணே. ஸ்பீக்கரில் போடுங்கள். மைக்கை நான் பிடித்துக்கொள்கிறேன்.

(தலைவர்: "அலோ... பீச அதுலயே கழிச்சிக்கினு குடுத்துடுங்களேன்." மறுமுனை: "காலைல பீஸ் கட்டலன்னா உங்க நாலு கோடி கேன்சல் ஆயிடும் சார்." தலைவர்: "கழிச்சிக்கோங்க." இணைப்பு அறுகிறது.)

கேட்டீர்களா? நான்கு கோடி போய்விட்டது. வருத்தமாகத்தான் இருக்கும் அண்ணே. ஆனால் மாடு விற்ற பணம் உங்கள் சட்டைப்பையில் அப்படியே இருக்கிறது. ஷாலினி, மேடைக்கு வா அம்மா. அப்பா கொடுப்பதை வாங்கிக்கொள்.

இறுதிவரை இருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம். விழாக் குழுவினரே, எனக்குத் தருவதாகச் சொன்ன வழிச்செலவில், நான் குடித்த சோடாவுக்கானதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.