பிராக் நகரத்தில் சங்கு ஊதியபோது

— பிராக் ஊர சுத்திப் பாத்த கதைய அப்புறம் பேசிக்கலாம் பார்வதம்மா. எம் பொண்ணு ஜெசிந்தாவ உங்க கிரிஷ்ஷுக்கு எடுக்கறீங்களா, இல்லியா? மொதல்ல அத சொல்லுங்க.

— சொல்லத்தாண்ணே மைசூர் மைன்ஸ் காலனிலேர்ந்து ஆட்டோ புடிச்சி உங்க நந்திதுர்க் மைன்ஸ் காலனிக்கு வந்திருக்கேன். அன்னிக்கு நடந்தத மொத்தமா கேட்டாத்தான் உங்களுக்குப் புரியும்.

— பாப்பா போன்ல ஒண்ணும் சொல்லல. ‘அத்தையே வந்து பேசுவாங்கப்பா’ன்னு வெச்சிட்டா. வேதக்காரப் பொண்ணு வேணாம்னா நேராவே சொல்லுங்க. இந்த ஏசுபாதம் தங்கச் சுரங்கத்துல எறங்குனவன், தாங்குவான்.

— வேணாம்னு சொல்லத்தான் பிளைட்டே ஏறினேன். மறைக்கல. ரெண்டு பேருக்கும் அங்கதான வேல, எம் மவன் கிரிஷ்ஷுக்கு லீவு கெடைக்கல, ‘ஜெசிந்தா கூட்டினு போவாம்மா’ன்னு ஒரு நாள் அனுப்பி வெச்சான். அந்த ஊர்ல பாதாள ரயில் ஓடுது. படிக்கட்டு எறங்குது, எறங்குது, அடியே தெரியல. எங்க வூட்டு ஆம்பள கீழ போயி பொணமா வந்ததே போதும், நான் மேலயே நடக்கறேன்னுட்டேன்.

— அவ இன்னா சொன்னா?

— ‘ரைட்டு அத்தை, நாள் பூரா நடக்கலாம்’னா. அந்த ‘ரைட்டு’ யார் வாயிலேர்ந்து வந்ததுன்னு அப்பவே தெரிஞ்சிது.

— ரைட்டு. மேல சொல்லுங்க.

— தெரு முழுக்க சின்னச் சின்ன கருங்கல்லா பதிச்சி வெச்சிருக்கான், கால வாரி வுடுது. மொதல்ல மேட்டு மேல இருக்கற ராஜா கோட்டை. ‘மெதுவா ஏறுங்க அத்தை’ன்றா. தங்கம் எடுத்துட்டு கொட்டுன சயனைடு மண்ணு மேட்டுல ஆடு மேச்சவ நான், நீ வா புள்ளன்னு இழுத்துனு போனேன். மூச்சு வாங்கினது உங்க பொண்ணுக்குத்தான்.

— கம்ப்யூட்டர் முன்னால குந்திக்கினே இருந்தா வேற இன்னா ஆவும்.

— எறங்கி வந்தா ஆத்து மேல பழைய பாலம். ரெண்டு பக்கமும் சாமி சிலைங்க, கன்னங்கரேல்னு நிக்குது. ஒரு சாமியார் சிலைக்கு கீழ தகடு, தொட்டுத் தொட்டு அந்த எடம் மட்டும் தேஞ்சி மின்னுது. நானும் தொட்டு கண்ணுல ஒத்திக்கினேன்.

— எங்க சாமியவா?

— தொட்டா ஒட்டிக்குதா இன்னா? உங்க பொண்ணு சிரிச்சா. எனக்கும் அவ மேல இருந்த கோவத்துல பாதி அங்கியே போயிடுச்சி.

— மீதி பாதி?

— அதுக்குத்தான் வரேன். பன்னெண்டு மணிக்கு ஒரு கடியாரத்தாண்ட நிக்கறோம். மணி அடிச்சா சன்னல்ல பொம்மைங்க சுத்தி வரும்னு ஊரே அண்ணாந்து நிக்குது. அப்ப சங்கு ஊதுச்சிண்ணே.

— சங்கா?

— நம்ம மைன் ஷாஃப்ட் சங்கு மாதிரி. ஷிஃப்டுக்கு ஊதறது இல்ல. கீழ பாறை இடிஞ்சி வுழுந்துட்டா நேரங்கெட்ட நேரத்துல இழுத்து ஊதுவாங்களே, அது.

— அந்த ஊர்ல எதுக்கு?

— எனக்கு எந்த ஊருன்னே நெனப்பு இல்ல. செருப்ப வுட்டுட்டு ஓடறேன். எங்க தெரியுமா? அந்த பாதாள ரயில் வாசலுக்கு. கம்பிய புடிச்சினு, மேல வர்றவங்கள ஒவ்வொருத்தரா, ‘எந்த லெவல்ல? எந்த லெவல்ல வுழுந்துது?’ன்னு கேக்கறேன். வெள்ளக்காரங்க என்னைப் பாத்து ஒதுங்கிப் போறாங்க.

— பாப்பா எங்க இருந்தா?

— எங்கூடவே ஓடியாந்து என் கைய இறுக்கிப் புடிச்சினு நிக்கறா. நம்ம பொம்பளைங்க ஷாஃப்ட் கேட்டு முன்னால நிப்பாங்களே, கீழேர்ந்து ஏறி வர்ற கேஜ்ல யாரு வூட்டு ஆளு வருதுன்னு தெரியாம, பக்கத்துல இருக்கறவ கைய வுடாம. அப்பிடி.

— மைன் மூடும்போது அவளுக்கு அஞ்சு வயசு. சங்கு ஊதுனா அவங்கம்மா இடுப்புல தூக்கினு ஓடுவா.

— எங்க வூட்டுக்காரர் ராஜப்பா போனன்னிக்கு கிரிஷ்ஷும் என் இடுப்புலதாண்ணே இருந்தான். சத்தம் ஓஞ்ச பின்னாலதான் ஜெசிந்தா சொல்றா, மாசத்துல மொத புதன்கெழம சும்மா ஊதிப் பாப்பாங்களாம். தெரிஞ்சுமா ஓடியாந்தன்னேன். ‘நீங்க மட்டும் தனியா நிக்கக் கூடாதுல்ல அத்தை’ன்னா.

— அப்பிடியா சொன்னா.

— நிமுந்து பாக்கறேன், எதுத்தாப்ல கிரிஷ். ஆபீஸ் ஆளுங்களோட சாப்பாட்டுக்கு வந்திருக்கான். என் வெறுங்கால பாத்துட்டு, அவங்க பாஷையில ஏதோ சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அவனுந்தான்.

— இன்னா சொன்னான்?

— எனக்கு அந்த பாஷை தெரியாது. உங்க பொண்ணுக்குத் தெரியும். கேட்டுப் பாத்துட்டேன், சொல்ல மாட்டேன்றா. அப்ப நேரா போயி என் செருப்பத் தேடி எடுத்தாந்தா.

— வெள்ளக்காரங்க முன்னால கூச்சப்பட்டு ஏதோ ஒளறியிருப்பான், வுடுங்க. ஒரே வார்த்தை சொல்லுங்க தங்கச்சி. சம்மதமா, இல்லியா?

— எங்க வூட்டு மருமக நீதான்னு அன்னிக்கு சாயங்காலமே நான் சொல்லிட்டேன். அவதாண்ணே உங்க மவன் வேணாம் அத்தைன்னுட்டா. நீங்களாவது கொஞ்சம் பேசிப் பாருங்க.