விளக்கை விட்டு விலகிய குழாய்

இரவு பதினொரு மணி இருக்கும். கல்குவாரியைச் சுற்றிப் போகும் பழைய லாரிப் பாதை. குவாரியை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. லாரி இல்லை, ஆள் இல்லை... ஒரு நாய்கூட இல்லை. ஒரு பக்கம் வெட்டி விட்ட பாறை. மறுபக்கம் ஆழக் குழி, அடியில் கறுப்புத் தண்ணீர். அந்தப் பாதையில் ஒரே ஒரு விளக்கு நடந்துகொண்டிருந்தது.

நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் இருப்பவர் அதைச் சாத்திவிடுங்கள். இது நம் பெயிண்டரின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு நடந்தது. பெயிண்டர் வாயைத் திறந்தால் பாதி பொய் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இதைச் சொன்னபோது அவன் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டிப்போயிற்று. குடிக்கவேயில்லை.

அந்த அண்ணனை எல்லோரும் லேத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். குவாரி விளிம்பிலேயே தகரக் கூரை போட்ட பட்டறை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "பகல் பூரா மெஷின்ல நின்னு பாரு. ராத்திரி பேயே வந்து எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டே" என்பார்.

விளக்கோடு நடந்தவன் அவருடைய தங்கை புருஷன். எலக்ட்ரீஷியன். தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம்.

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே பைத்தியம், சொந்தமாகச் செய்த தொலைநோக்கி. குழாயும் பல்சக்கரங்களும் லேத்துக்காரர் கடைந்தவை. பழைய பிரிண்டர்களில் கழற்றிய மோட்டார்கள், அவற்றை ஓட்டும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதற்குள் இருக்கும் புரோகிராம் எல்லாம் மாப்பிள்ளையின் வேலை. ஒரு வால்நட்சத்திரம் வரப்போகிறது. அது நட்சத்திரங்களோடு ஒட்டி நகராது, தன் போக்கில் போகும். அதனால் குழாய்மேல் பொருத்திய கேமராவில் தெரியும் வெளிச்சப் புள்ளியை விடாமல் பிடித்துக்கொண்டு குழாய் தானாகத் திரும்ப வேண்டும். அதைச் சோதிக்க ஒருவர் தலையில் விளக்கு கட்டி எதிர்க்கரையில் நடப்பது, மற்றவர் பட்டறையில் இருந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

"நீ போ மாப்ளே. எனக்கு முழங்கால் வலி."

"வலி முழங்கால்லயா, மனசுலயா மச்சான்?"

"போடா. போயி நட்சத்திரமா ஜொலி."

சிரித்துக்கொண்டே போனான்.

பனி இறங்கும் என்று தொலைநோக்கியைக் கூரைக்கு அடியிலேயே நிறுத்தியிருந்தார்கள். எதிரே மேஜைமேல் கம்ப்யூட்டர் திரை. நடுவில் கூட்டல் குறி போல இரண்டு கோடு, அது சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளி. அதுதான் மாப்பிள்ளை. அவன் நடக்க நடக்க மோட்டார் க்ர்ர்... க்ர்ர்... என்று திரும்பியது. கிரீஸ் வாசனை. சூடேறிய போர்டின் வாசனை. லேத்துக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு புள்ளி நடுவை விட்டு நழுவியது.

விளக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. குழாய் பின்தங்கி, அவனுக்குப் பின்னால் இருந்த வெற்று இருட்டைப் பார்த்து நின்றது. அவர் போனை எடுத்தார்.

"மாப்ளே, உன் புரோகிராம் பல்லை இளிக்குது. குழாய் உனக்குப் பின்னாடி போகுது."

"புரோகிராம்ல ஒண்ணுமில்ல. நீங்க வெட்டின பல்லு வழுக்குது."

"என் பல்லா? நான் வெட்டின பல்லு உன் பேரன் காலத்துக்கும் நிக்கும். எங்கயோ கூட்டல் கழித்தலை மாத்திப் போட்டிருக்கே. அங்கேயே நில்லு, பார்க்கிறேன். அசையாதே."

நின்றான். நடுப் பாதையில், வளைவில். அங்கே குழியில் தண்ணீர் கிடையாது, வெறும் பாறைதான்.

அவன் நின்ற பிறகும் மோட்டார் நிற்கவில்லை. க்ர்ர்... குழாய் மெல்ல நகர்ந்தது. திரையில் வெள்ளைப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி வந்தது.

"ஆ... சரியாகுது மாப்ளே. அப்படியே நில்லு. தானே உன்கிட்ட வருது பாரு."

"மச்சான்... இங்க ஏதோ நாத்தம் அடிக்குது."

"என்ன நாத்தம்?"

"ஈரத்துணியைப் பல நாள் மூட்டை கட்டி வெச்ச மாதிரி..."

"குழித் தண்ணியா இருக்கும். அசையாதேங்கறேன்ல."

இன்னும் கொஞ்சம் நகர்ந்தது குழாய். எவ்வளவு தப்பு மிச்சமிருக்கிறது என்று நேரில் பார்க்க, அவர் குழாயின் பக்கவாட்டில் இருந்த பார்வை வில்லையில் கண்ணை வைத்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வைத்துச் செய்கிற இந்த மாதிரித் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். நட்சத்திரத்துக்கு மேலேது, கீழேது? அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. அவருக்கும் பழக்கம்தான். தரை மேலே இருந்தது. அரை நிலா வெளிச்சத்தில் மாப்பிள்ளை வௌவால் மாதிரி அதிலிருந்து தொங்கினான். தலைவிளக்கு கீழே எரிந்தது. காதில் போன். சரியாகத்தான் இருந்தது.

அவனுக்குப் பின்னால் இன்னொரு ஆள்.

அந்த ஆள் தலைகீழாக இல்லை. நேராக நின்றது.

லேத்துக்காரர் கண்ணை எடுத்தார். துடைத்தார். தண்ணீரில் விழுந்த நிழலாக இருக்கும் என்று நினைத்தார். அந்த வளைவில் தண்ணீர் ஏது? மறுபடி கண்ணை வைத்தார். அதன் தலை மாப்பிள்ளையின் குதிகாலுக்குப் பக்கத்தில் இருந்தது. கால்கள் அவன் தலைக்கும் அப்பால், வெறும் காற்றில் ஊன்றியிருந்தன. ஒரு கால் எடுத்து வைத்தது... நின்றது. இன்னொரு கால்... நின்றது. அதற்கு எந்த அவசரமும் இல்லை. ஆளைத்தான் அவர் நிறுத்தி வைத்திருக்கிறாரே.

பின்னால் பார் என்று சொன்னால் பார்த்துவிடுவான். பார்த்தால் அப்படியே விழுந்துவிடுவான். தங்கை முகத்தில் எப்படி முழிப்பது?

"மாப்ளே... வீட்டுலேருந்து போன். உன் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சாம். ஓடி வா. திரும்பிப் பார்க்காதே, நேரே ஓடி வா."

"ஐயோ, ஏழு மாசம்தானே மச்சான்..."

"பேசாதே! ஓடு!"

விளக்கு குதித்துக் குதித்து ஓடியது. குழாயும் பின்னாலேயே திரும்பியது, க்ர்ர்ர்ர்ர் என்று இழுத்து. விளக்கின் மேல் இல்லை. விளக்குக்குப் பின்னால், அதே சின்ன இடைவெளியில். லேத்துக்காரர் பாட்டரி ஒயர் இரண்டையும் பிடித்துப் பிடுங்கினார். திரை அணைந்தது. போர்டில் எரிந்த சிவப்பு விளக்கும் அணைந்தது.

மாப்பிள்ளை மூச்சிரைக்க உள்ளே வந்து விழுந்தான். தலைவிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் தூக்கக் குரல். "வலியா? எனக்கா? உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருக்கு. வந்து படுங்க."

போனை வைத்தான். முகம் சிவந்திருந்தது.

"என்ன விளையாட்டு மச்சான் இது? என் உயிரே போயிருச்சு."

லேத்துக்காரர் பிடுங்கிய ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். நல்லபடி வந்து சேர்ந்துவிட்டான், அது போதும். விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்...

க்ர்ர்.

ஒயர் அவர் கையில் இருந்தது. மோட்டார் ஓடியது. குழாய் வாசலை விட்டு உள்பக்கம் திரும்பியது. மெல்ல... மெல்ல மேலே நிமிர்ந்தது. கூரைத் தகரத்தைப் பார்த்து நின்றது.

டொக்.

தகரம் உள்பக்கத்திலிருந்து அழுந்துகிற சத்தம். வாசலுக்கு மேலே.

டொக்... டொக்...

நடுக்கூரைக்கு வந்தது. ஒரு காலடிக்கு ஒரு முறை குழாயும் அதற்குத் தக்கபடி நகர்ந்தது. ஈரத்துணி நாற்றம் பட்டறை முழுக்க. ஸ்டூலுக்கு நேர் மேலே வந்ததும் சத்தம் நின்றது. அண்ணாந்து பார்க்க லேத்துக்காரரின் கழுத்து வளைய மறுத்தது.

மாப்பிள்ளை தலை குனிந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்தபடி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"தடவிக் கொடுத்தது போதும் மச்சான்" என்றான். "கோபமெல்லாம் போயிருச்சு. தலைமேலேருந்து கையை எடுங்க."

லேத்துக்காரர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.