கல் முதலில் ஏறும்

நூக் காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல காபி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஐயா. கோபன்ஹேகனில் எங்கள் துறையில் ஊற்றுவது கழுநீர்.

கண்டங்கள் எப்படித் தோன்றின என்பதுதான் என் வாழ்நாள் வேலை. பூமி பிறந்த சூட்டிலேயே எல்லாம் ஒரே வீச்சில் உருவாகிவிட்டன என்பது என் கொள்கை. பாடப்புத்தகத்தில் என் படம்கூட உண்டு. கொஞ்சம் இளமையான படம். அந்தக் கொள்கை முழுவதும் இந்தக் கிரீன்லாந்துப் பாறை ஒன்றின் வயதில்தான் நிற்கிறது.

தூரா என் மாணவியாக இருந்து சக ஆய்வாளர் ஆனவள். கெட்டிக்காரி. வாய்தான் நீளம். இந்த முறை நாங்கள் இருவர் மட்டும் வந்து முகாமிட்டிருந்தோம். அன்று அந்தப் பாறைமேல் உட்கார்ந்து, உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"எஸ்கில், நீங்க இவ்வளவு காலமா கும்பிடுற கிழவி கிழவியே இல்ல. கிழவியோட நகையைத் திருடிப் போட்டுக்கிட்ட குமரி. பழைய பாறைக்குள்ள பூந்து வந்திருக்கா, வர்ற வழியில பழைய படிகத்தையெல்லாம் வாரிக்கிட்டா. அதைத்தான் நீங்க வயசு பாத்திருக்கீங்க."

குனிந்து நெடுநேரம் பார்த்தேன். "ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்மா" என்றேன்.

"பேசறதா? எழுதவே போறேன்" என்று சிரித்தாள்.

மறுநாள் அவள் கணுக்கால் பிசகியது. காரணம் சொல்லாமல் ஹெலிகாப்டரை அழைத்தேன். அக்காலுக் என்ற விமானி இறங்கியதும் வானத்தைப் பார்த்தான். "பனிமூட்டம் வருது பெரியவரே. இன்னொரு நடை வர முடியாது, எல்லாப் பாரமும் தாங்காது. கல்லை விட்டுட்டு ரெண்டு பேரும் ஏறுங்க. கல்லு என்ன, எழுந்து நடந்தா போயிடும்?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: கல் முதலில், ஆள் அப்புறம். வேடிக்கையாகத்தான் சொல்வோம். என் கல் மூட்டைகளை ஏற்றினேன். கல்லோடு கல் உரசக்கூடாதே என்று குளிருக்குத் தூரா புகுந்து தூங்கும் பையை ஏற்கெனவே அவற்றின்மேல் சுற்றியிருந்தேன். எங்களிடம் இருந்த ஒரே தொலைபேசி என் சட்டைப்பையில் இருந்தது.

"அந்தப் பொண்ணு?"

"வேலை பாக்கி இருக்காம். தங்கிக்கிறாளாம்."

சரிவில் அவள் நொண்டிக்கொண்டு வந்தாள், கையை ஆட்டியபடி. விசிறியின் இரைச்சலில் குரல் கேட்கவில்லை. "பாரு, வழியனுப்பறா" என்றேன்.

பனிமூட்டம் விலக ஒரு வாரம் ஆனது. பூமியின் கணக்கில் அது ஒரு இமைப்பொழுதுகூட இல்லை. புதுக் கட்டுரையை அவள் நினைவுக்கே காணிக்கை ஆக்கியிருக்கிறேன். கொள்கை பழையதுதான்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவள் சொன்னது தப்பாக இருந்திருந்தால், கல்லை அங்கேயே உருட்டிவிட்டு அவளைத்தான் ஏற்றியிருப்பேன்.