பரங்கிக் கொல்லையைச் சுற்றிச் சவுக்கு

வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் செல்லும் காலை 9.10 பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"இப்பல்லாம் தேனீ வேலையும் நான்தான் பாக்குறேன்," என்றார் மூத்தவர். "விடிஞ்சதும் ஆம்பளைப் பூவைப் பறிச்சு, ஒவ்வொரு பொம்பளைப் பூவுலயும் தடவணும். இல்லன்னா பரங்கிப் பிஞ்சு நிக்காது."

"தேனீயெல்லாம் எங்கக்கா போச்சு?"

"மூணு பக்கமும் சவுக்கு போட்டுட்டானுங்களே! பூச்சியே வராத மரம்னு பெருமை வேற. ஒரு வண்டு உண்டா, பட்டாம்பூச்சி உண்டா? பச்சையா நின்னா காடாயிடுமா? மேக்கால உங்க எள்ளு பூக்குறதாலதான் நாலு தேனீயாவது வருது."

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த வருஷம் எள்ளு இல்லக்கா. நாங்களும் சவுக்குக் கன்னுக்குச் சொல்லிட்டோம்."

"நீங்களுமாடி?"

பேருந்தில் வேறு இடம் காலியாக இல்லை. மூத்தவர் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். நாகப்பட்டினத்துக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் இருந்தது.