மூளைக்குள் ஒரு பேக்கிங் லைன்

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறியதும், கம்பெனி சீருடையில் இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவர்தான் ஆரம்பித்தார்.

"எம் பொண்ணு கஞ்சாவுல டாக்டர் பட்டம் வாங்கப் போவுது."

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"இன்னாக்கா சொல்ற?"

"அய்ய, இழுக்கிற கஞ்சா இல்லடி. அதே மாதிரி ஒரு சரக்கை மூளையே தனக்குள்ள செஞ்சுக்குதாம். ஒரு நரம்பு செல்லு இன்னொண்ணுக்குச் சேதி அனுப்பிக்கினே இருக்கும். வாங்குற செல்லுக்குத் தாங்கலன்னா, அந்தச் சரக்கைப் பின்னால அனுப்பி, 'போதும், மெதுவா'ன்னு சொல்லுமாம். எதைப் புடிச்சு வச்சுக்கணும், எதை மறக்கணும்னு மூளை பழகுறதுல அதுக்கும் பங்கு இருக்குதாம்."

"உனக்கு எப்படிக்கா இதெல்லாம் புரிஞ்சுது?"

"நாம செய்யறதுதானேடி! மிஷின் சத்தத்துல பேச்சு கேக்காது. பேக்கிங்ல பாட்டில் குவிஞ்சா நாம கையைத் தூக்கிக் காட்டுறோம், ஃபில்லிங்ல இருக்கறவன் வேகத்தைக் குறைக்கிறான். ஊட்டுல பொண்ணுகிட்ட இதைச் சொன்னேன். காலேஜுல பெரிய பெரிய ஆளுங்க முன்னால பேசும்போது, அதுவும் அப்படியே கையைத் தூக்கிக் காட்டுச்சு."

"நீ போயிருந்தியா?"

"கடைசி வரிசையில இருந்தேன். 'இது எங்கம்மா கை'ன்னு சொல்லுச்சு. எனக்கும் தன்னால கை மேல போயிடுச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் இறக்கவே இல்லியே."